காட்டுக்கும் ஒரு கணக்குப் புத்தகம்

கடை நடத்துபவர்களுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். இலாபத்தில் குடும்பம் நடத்தினால் கடை நிலைக்கும். முதலில் கை வைத்தால் சில வருடங்களில் கடையைப் பூட்ட வேண்டியதுதான். காட்டின் கணக்கும் இதுதான்.

மரம் வளரும்போது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்து, அதிலுள்ள காபனைத் தண்டிலும் வேரிலும் சேமிக்கிறது. உலர்ந்த மரத்தின் நிறையில் ஏறத்தாழப் பாதி காபன்தான். ஒரு தொன் காபன் எரிந்தால் சுமார் 3.67 தொன் காபனீரொட்சைட்டு வெளியேறிப் பூமியின் வெப்பத்தைக் கூட்டும். ஆகவே காட்டை அழித்து எரிப்பது, பல தலைமுறைச் சேமிப்பை ஒரே நாளில் கரைப்பதற்குச் சமம்.

அதற்காகக் காட்டில் கோடரியே படக்கூடாது என்பதல்ல. வருடாந்தம் வளரும் அளவுக்கு மேல் வெட்டாமல், வெட்டிய இடத்தில் மீண்டும் வளரவிட்டு, தீயிலிருந்தும் பாதுகாப்பதே காட்டு முகாமைத்துவம். அவ்வாறு பெற்ற பலகை கதவாகவோ அலுமாரியாகவோ இருக்கும்வரை அதிலுள்ள காபனும் காற்றுக்குத் திரும்புவதில்லை.

"மரத்தை விட்டுவைத்தால் எனக்கு என்ன கிடைக்கும்?" என்று காணிக்காரர் கேட்பது நியாயமே. இக்கேள்விக்கு விடை தேடிய நாடு மத்திய அமெரிக்காவின் கொஸ்டாரிக்கா. மாட்டிறைச்சி ஏற்றுமதிக்காக அங்கு காடுகள் மேய்ச்சல் நிலங்களாக்கப்பட்டன. அதற்கு வங்கிக் கடனும் தாராளமாகக் கிடைத்தது. 1980களில் நாட்டின் நிலப்பரப்பில் கால்வாசி அளவே காடு எஞ்சியது.

1996இல் அந்நாடு புதிய வனச் சட்டமொன்றைக் கொண்டுவந்தது. காட்டை வேறு பாவனைக்கு மாற்றுவது தடைசெய்யப்பட்டது. அதேவேளை, காட்டைப் பேணும் காணிக்காரர்களுக்கு ஒப்பந்த அடிப்படையில் பணம் வழங்கவும் வழி செய்யப்பட்டது. காபனைச் சேமித்தல், நீரைக் காத்தல், உயிரினங்களைக் காத்தல், இயற்கை அழகு ஆகிய நான்கும் காடு செய்யும் சேவைகளாகக் கணிக்கப்பட்டன. பணம் பிரதானமாக எரிபொருள் வரியிலிருந்து வந்தது; பின்னர் அந்த வரி வருமானத்தில் 3.5 வீதம் இதற்கென ஒதுக்கப்பட்டது. புகை விடுபவர் செலுத்த, மரம் காப்பவர் பெறுகிறார். இன்று அந்நாட்டின் பாதிக்கும் மேற்பட்ட நிலப்பரப்பில் காடு இருக்கிறது.

இதற்கு அந்தக் கொடுப்பனவு மட்டும் காரணமல்ல. மாட்டிறைச்சி விலை வீழ்ந்தது, சுற்றுலா வளர்ந்தது, சட்டத் தடையும் இருந்தது. எப்படியும் வெட்டப்படாதிருக்கக்கூடிய காடுகளுக்கும் பணம் போனதாக ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர்.

இந்தப் படிப்பினை நம் வர்த்தகர்களுக்கு முக்கியமானது. ஏனெனில் காபன் இப்போது சந்தைச் சரக்காகிவிட்டது. ஒரு தொழிற்சாலை தான் வெளியேற்றும் வாயுவுக்கு ஈடாக, எங்கோ ஒரு காட்டில் சேமிக்கப்படும் காபனைத் தொன் கணக்கில் வாங்குகிறது. இதுவே காபன் வரவு. 2023இல் இவ்வாறு விற்கப்பட்ட காட்டுக் காபன் வரவுகளின் கணக்குகள் பற்றி உலகளவில் பெரும் சர்ச்சை எழுந்தது. ஆகவே "உங்கள் காணி மரங்களுக்குக் காபன் பணம் வாங்கித் தருகிறோம்" என்று யாராவது வந்தால், சில கேள்விகளைக் கேளுங்கள்.

இந்தப் பணம் இல்லாவிட்டாலும் அந்த மரங்கள் நின்றிருக்குமா? நின்றிருக்கும் என்றால் புதிதாக எதுவும் சேமிக்கப்படவில்லை. பத்து வருடத்தில் தீயோ புயலோ மரங்களை அழித்தால் நட்டம் யாருக்கு? இங்கே வெட்டுவதை நிறுத்தியதால் பக்கத்துக் காடு வெட்டப்படுகிறதா? அளந்தவர் யார், விற்பவரா, சுயாதீனமான மூன்றாம் தரப்பா? ஒப்பந்தம் எத்தனை வருடத்துக்குக் காணியைக் கட்டிப்போடுகிறது? இவற்றுக்கு எழுத்தில் பதில் பெற்று, சட்டத்தரணி ஒருவரிடம் காட்டாமல் கையொப்பமிட வேண்டாம்.

பலகை வாங்குவோருக்கும் இதில் பங்குண்டு. அனுமதிப்பத்திரமின்றி வரும் மலிவு மரம் பெரும்பாலும் முதலைத் தின்று வந்த சரக்கு. அதை வாங்குபவரும் அந்த நட்டத்தில் பங்காளியாகிறார்.

மரம் நடுவதை ஸதகாவாகக் கற்றுத்தந்த மார்க்கம், அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வதை வன்மையாகக் கண்டிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத காபனை நிறுத்து விற்கும்போதும் தராசு நேராக இருக்க வேண்டும். இல்லாத சேமிப்பை விற்றால் வாங்கியவர் ஏமாறுவார், காற்றும் சுத்தமாகாது.