மிடற்றொலி காக்கும் கதிர்

எழுத்துகள் பிறக்கும் இடங்களுள் ஒன்றாக மிடற்றைத் தொல்காப்பியர் பிறப்பியலில் கூறுகின்றார். அம்மிடற்றின் குரல்வளையிலுள்ள இரு குரல்நாண்களின் அதிர்வே நம் பேச்சொலிக்கு அடிப்படை. அந்நாண்களில் புற்றுநோய் தோன்றின் முதல் அறிகுறி பெரும்பாலும் குரல் கம்முதலேயாகும். இந்நோய்க்குத் தலையாய காரணம் புகைத்தல். பீடியும் அதற்கு விலக்கன்று.

குரல்நாண்களில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு. ஆதலின் நோய் நெடுநாள் அவ்விடத்திலேயே தங்குகின்றது. அந்நிலையில் கண்டறியப்பட்டோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேர் கதிர்வீச்சு மருத்துவத்தால் குணமடைகின்றனர். குரலும் பெரும்பாலும் நிலைக்கின்றது.

மக்கள் ‘கரண்டு வைத்தல்’ என அஞ்சும் இச்சிகிச்சையில் மின்சாரம் உடலில் பாய்வதில்லை. கதிர் படும்போது வலியுமில்லை. கதிரானது புற்றணுக்களின் மரபுப்பொருளைச் சிதைத்து, அவை பெருகாமல் தடுக்கின்றது. வாரம் 5 நாள், நாளொன்றுக்குச் சில நிமிடம் என 5 முதல் 7 வாரம் பகுத்தளிப்பது, இடைப்பொழுதில் நல்ல அணுக்கள் தம்மைச் சீர்செய்து கொள்ளும் பொருட்டே. நாள் செல்லச் செல்லத் தொண்டை வறளும், விழுங்க வலிக்கும், குரல் மேலும் கம்மும். சிகிச்சை முடிந்தபின் இவை படிப்படியாகத் தணியும். அஞ்சி இடையில் நிறுத்துவதும், புகையைத் தொடர்வதும் நோய்க்கே துணையாகும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. இன்றோ தச்சநல்லூரார் தாமிரபரணியைக் கடந்தாலே போதும். ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையிலேயே கதிர்வீச்சுப் பிரிவு உண்டு.

பாடம் சொல்வோரும் பாங்கு சொல்வோரும் ‘பேசிப்பேசித் தொண்டை கட்டியது’ என்று நாளைக் கடத்துதல் இயல்பு. கம்மல் மூன்று வாரத்திற்கு மேல் நீடிப்பின், தொண்டை மருத்துவரை உடனே காண்க. உயிரையும் குரலையும் ஒருங்கே காப்பது அவ்விரைவே.