பள்ளி ஓவிய ஆசிரியராக என்ன பயிற்சி தேவை? பெங்களூருவில் படிப்போர் கவனிக்க வேண்டியவை

பெங்களூரு: ஓவியம் பயிற்றுவிக்கும் நிறுவனங்களுக்குப் பெங்களூருவில் பஞ்சமில்லை. எனினும், நன்றாக வரையத் தெரிந்தவர் பள்ளியில் ஓவியம் கற்பிக்கும் தகுதியையும் பெற்றுவிடுகிறாரா என்பது வேறு கேள்வி.

இந்நகரில் 1919-ஆம் ஆண்டிலேயே ஏ.என்.சுப்பராவ், 'கலாமந்திரா' ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். 1960-இல் கர்நாடக சித்ரகலா பரிஷத் உருவானது. இன்று பிளஸ் 2 முடித்தவர்கள், பி.வி.ஏ. எனப்படும் நான்காண்டு காட்சிக்கலைப் பட்டப்படிப்பில் சேரலாம். ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, கலை வரலாறு ஆகியவை அதில் கற்பிக்கப்படுகின்றன. அடிப்படையில் இது கலைஞரை உருவாக்கும் படிப்பு.

குழந்தையின் கோடு

ஆசிரியருக்குத் தேவைப்படும் அறிவு சற்று மாறுபட்டது. மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி வீடு வரைகிறாள் என்று கொள்வோம். தாளின் அடியில் ஒரு தரைக்கோடு, மேலே நீலப் பட்டையாக வானம், இடையே வெற்றிடம். சுவருக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் பாட்டியும் தெரிகிறார். பயிற்சி பெறாதவர் அதைப் பிழை என்று திருத்த முற்படுவார்.

ஆனால், கலைக் கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இல் வெளியிட்ட நூலில், குழந்தைகளின் ஓவிய வளர்ச்சியைப் படிநிலைகளாக வகுத்துள்ளார். அதன்படி, 7 முதல் 9 வயது வரை தரைக்கோடும் சுவரை ஊடுருவிக் காட்டும் படமும் இயல்பானவை. 12 வயதை நெருங்கும்போது, தான் வரைவது உண்மைப் பொருளைப்போல் இல்லையே என்ற தயக்கம் தோன்றுகிறது. 'எனக்கு வரைய வராது' என்று பலர் பென்சிலைக் கீழே வைப்பது இப்பருவத்தில்தான். ஆசிரியரின் பயிற்சி மிகுதியும் பயன்படும் இடமும் இதுவே.

விதிகள் கூறுவது

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகளில், காட்சிக்கலை ஆசிரியர்களுக்கென இரண்டாண்டு பட்டயப் படிப்பு இடம்பெற்றுள்ளது. அதே விதிமுறைகளின் பி.எட். சேர்க்கைப் பிரிவு, அறிவியல், சமூக அறிவியல், மானுடவியல் துறைப் பட்டங்களைக் குறிப்பிடுகிறது. நுண்கலைப் பட்டத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. 'இணையான தகுதி' என்ற தொடரையே அப்பட்டதாரிகள் நம்பியிருக்க வேண்டியுள்ளது. ஆகவே, பி.வி.ஏ. முடித்தபின் பி.எட். படிக்கலாம் என்று எண்ணுவோர், அதனைப் பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்வது நல்லது.

தமிழ்நாட்டின் வழி வேறு. அங்கு அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் கிரேடு தேர்ச்சியுடன், தொழில் ஆசிரியர் சான்றிதழுக்கான 42 நாள் கோடைகாலப் பயிற்சி வழங்கப்பட்டு வருகிறது. ஒரு மாநிலச் சான்றிதழை மற்றொரு மாநிலம் ஏற்குமா என்பதை அந்தந்தப் பணி அறிவிக்கையில்தான் பார்க்க வேண்டும். எல்லை கடந்து வேலை தேடும் தமிழ் இளைஞர்கள் இதைக் கவனிக்கத் தவறுவதுண்டு.

பகுதிநேரப் பணி

சிபிஎஸ்இ 2019-இல், ஒவ்வொரு வகுப்புக்கும் வாரம் குறைந்தது இரண்டு பாடவேளைகளைக் கலைக் கல்விக்கு ஒதுக்குமாறு பள்ளிகளுக்கு அறிவுறுத்தியது. ஆனால், 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நடுநிலை வகுப்புகளுக்குப் பகுதிநேரக் கலைப் பயிற்றுநரையே நியமிக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கென 16,549 பகுதிநேரப் பணியிடங்கள் நிரப்பப்பட்டபோது, மாத ஊதியம் 5,000 ரூபாயாக இருந்தது. பின்னர் அது படிப்படியாக உயர்த்தப்பட்டது; பணி நிரந்தரம் கோரி அவர்கள் தொடர்ந்து போராடி வருகின்றனர்.