ஒரு கயாக் உருவாகிறது – 7: விளிம்பிலே தெரியும் குணம்

பலகைகளைக் கம்பியால் தைத்து, தையலின் மேல் பசையும் கண்ணாடியிழை நாடாவும் இட்டுப் படகு கட்டும் உபாயத்தைக் கென் லிட்டில்டைக் என்ற ஆங்கிலப் பள்ளி ஆசிரியர் கண்டுபிடித்ததையும், 1960-களின் தொடக்கத்தில் ‘மிரர்’ என்னும் சிறு பாய்ப்படகு அதை ஊரெங்கும் பரப்பியதையும் சென்ற வாரம் பார்த்தோம். தொடர்ந்து படித்துவரும் அன்பர்களுக்கு அதற்கு மேல் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. எந்தப் பிளைவுட்டை வாங்குவது, எத்தனை மில்லிமீட்டர் கனத்தில் வாங்குவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் இந்த வாரம் விடை சொல்வதாக வாக்களித்திருந்தேன். முதற்கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

கடையில் பலகையைப் படுக்கவைத்து, முகத்தைத் தடவிப் பார்த்து, நிறமும் ரேகையும் திருப்தியாக இருந்தால் விலை பேசி முடிப்பது அலமாரி செய்கிறவர்களுக்குப் போதும். படகு கட்டுகிறவனுக்குப் போதாது. கயாக்குக்கு உகந்த நாலு மில்லிமீட்டர் பலகையில் பெரும்பாலும் மூன்றே அடுக்குகள்தாம் உண்டு. வெளியடுக்குகள் இரண்டின் ரேகையும் நீளவாக்கில் ஓட, நடு அடுக்கின் ரேகை குறுக்காக ஓடும். அந்த நடு அடுக்கில் ஒரு பொந்து இருக்குமாயின், அவ்விடத்தில் ஜலத்துக்கும் நமக்கும் நடுவே நிற்பவை இரண்டு மெல்லிய தோல்களே. படகின் வளைவுக்கு இணங்கப் பலகையை மெல்ல மெல்ல வளைக்கும்போது, மற்ற இடங்களெல்லாம் சீராக வளைந்து கொடுக்க, பொந்துள்ள இடம் மட்டும் திடீரென்று மடிந்து முறிவதும், என்றோ ஏற்பட்ட ஒரு கீறல் வழியாக நுழைந்த ஈரம் அந்தப் பொந்திலே தங்கி உள்ளிருந்தே மரத்தை உளுக்கச் செய்வதும் இதனால்தான்.

ஆகையால் பலகையை நிமிர்த்தி வைத்து, நல்ல வெளிச்சத்தில், நான்கு விளிம்புகளையும் ஓர் அங்குலம் விடாமல் பார்க்க வேண்டும். நடு அடுக்கின் இரண்டு துண்டுகள் சேருமிடத்தில் கருப்பாக ஒரு சந்து தெரிகிறதா, ஒரு துண்டு மற்றொன்றின் மேல் ஏறி உட்கார்ந்து முகத்திலே மேடு எழுப்பியிருக்கிறதா, முக அடுக்கு உப்புத்தாள் பட்டாலே மறைந்துவிடும் அளவுக்கு மெலிந்திருக்கிறதா என்ற மூன்றையும் கண்டுகொண்டால், பலகையின் சுபாவத்தில் பாதி தெரிந்துவிடும்.

மற்றப் பாதி பசையைப் பொறுத்தது. பிரிட்டனின் பி.எஸ். 1088, நமது தேசத்தின் ஐ.எஸ். 710 ஆகிய தரநிர்ணயங்கள் மரைன் பிளைவுட்டுக்கென்றே ஏற்பட்டவை. ஆனால் பலகையின் மேல் ஓர் எண்ணை அச்சிடுவது வேறு, அந்த எண்ணுக்குரிய பரீட்சையில் பலகை தேறுவது வேறு. எனவே பி.எஸ். எண்ணோடு லாய்ட்ஸ் ரெஜிஸ்டர் போன்ற தனி ஸ்தாபனத்தின் அத்தாட்சி உண்டா என்றும், ஐ.எஸ். எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உரிம எண்ணும் உண்டா என்றும் பார்த்துக்கொள்வது அவசியம். விளிம்பிலே பினால் பசையின் கோடு கரும்பழுப்பாகத் தெரியும். அலமாரிப் பலகைகளில் சாதாரணமாகக் காணும் யூரியா பசை வெளிறி நிற்கும். நிறம் ஒரு குறிப்புத்தான். நிச்சயம் கொதிநீரிலேதான் கிடைக்கும். ஐ.எஸ். 710 இந்தச் சோதனைக்கு 72 மணி நேரம் விதிக்கிறது. வீட்டில் அவ்வளவு வேண்டாம். கடைக்காரரிடம் ஒரு சாண் துண்டு கேட்டு வாங்கி, சில மணி நேரம் கொதிக்கவிட்டு, வெயிலில் உலர்த்தி, மறுபடியும் கொதிக்கவிட்டு, அடுக்குகளுக்கு நடுவே உளிமுனையைச் செலுத்தி நெம்பிப் பாருங்கள். பெயர்ந்த முகங்களில் மரநார் பிய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால், பசைக்கு முன் மரமே தோற்றதென்று அர்த்தம். அந்தப் பலகையை நம்பலாம். முகங்கள் வழவழவென்று பிரிந்து வந்தால், அந்தக் கடையில் படகுக்குப் பலகை இல்லை.

இனி மரம். உலகெங்கும் கயாக் கட்டுகிறவர்கள் முதலில் தேடும் ஒக்கூமே என்னும் விருட்சத்தைப் பற்றி நாலு வரி எழுதவே எண்ணியிருந்தேன்; ஆனால் அது பிறந்து வளர்ந்த கதையைப் படிக்கப் படிக்க இந்த வாரம் முழுவதும் வேறொன்றிலும் மனம் செல்லவில்லை. மத்திய ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், காபோன் தேசத்தையும் அதை ஒட்டிய பிரதேசங்களையும் தவிர வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. குந்துருக்கம் தரும் மரமும், நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலே கருங்குங்கிலியம் தரும் மரமும் எந்தத் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவையோ, அதே குடும்பத்தைச் சேர்ந்தது ஒக்கூமேயும். அந்நாட்டு மக்கள் அதன் பிசினைத் தீப்பந்தங்களுக்குப் பயன்படுத்தினார்கள். நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை தோறும் புகையும் தூபத்தின் உறவினம் ஒன்று, கடலோடும் சிறு படகின் அங்கமாகிறது என்ற எண்ணமே எனக்கு அளவில்லாத ஆனந்தத்தைத் தந்தது.

அதனினும் பெரிய ஆச்சரியம் காபோனில் ஓடும் ஒகோவே நதி. 1913-இல் அதன் கரையிலுள்ள லம்பரேனேயில் வைத்தியசாலை நிறுவிய ஆல்பர்ட் ஷ்வைட்சர், 1921-இல் வெளிவந்த தம் நூலில் மரம் வெட்டுவோருக்கும் தெப்பம் ஓட்டுவோருக்கும் ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியிருக்கிறார். காட்டில் வெட்டிய அடிமரங்களை மழைக்காலத்து வெள்ளத்தில் இறக்கி, பெருந்தெப்பங்களாகப் பிணைத்து, நதியின் போக்கிலே கழிமுகத்துக்குக் கொண்டுசேர்த்தார்கள். நீரில் மூழ்கும் கனமரத்துக்கு அந்தப் பிரயாணம் கைகூடாது, ஒக்கூமே மிதந்தது. எந்த லேசான தன்மைக்காக இன்று நாம் அதைத் தேடுகிறோமோ, அதே தன்மைதான் அதைக் காட்டிலிருந்து கடலுக்கும் கொண்டுவந்தது. இன்று நிலைமை வேறு. 2010 முதல் காபோன் உருட்டு மர ஏற்றுமதியைத் தடைசெய்துவிட்டபடியால், அந்நாட்டு மரத்தை வினீர் என்னும் மெல்லிய அடுக்காகச் சீவும் வேலை அங்கேயே நடக்கிறது.

லேசு என்பதை நிறுத்துப் பார்ப்போம். எட்டுக்கு நாலடி, நாலு மில்லிமீட்டர் ஒக்கூமே பலகை ஏறக்குறைய ஐந்தரை கிலோ. நம் கடைகளில் மரைன் பிளை என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் காட்டப்படும் குர்ஜன் மரப் பலகை, முழுவதும் அம்மரமேயாயின், எட்டரை கிலோவை ஒட்டும். பதினேழடி நீளமுள்ள ஒருவர் கயாக்குக்கு மூன்று பலகைகள் வேண்டும். கரையிலிருந்து தோளில் தூக்கிச் செல்லும்போது அந்த வித்தியாசம் தெரியும். ஆயினும் ஒக்கூமேயிடம் ஒரு குறை உண்டு: ஈரத்தில் கிடந்தால் அது எளிதில் உளுத்துவிடும். மரைன் பிளைவுட் என்ற பெயர் முதலில் பசை ஜலத்துக்கு அஞ்சாது என்பதையே குறிக்கும். மரம் ஒருபோதும் உளுக்காது என்று அதனால் மட்டும் கொள்ள முடியாது. ஆகவே உள்ளும் புறமும், முக்கியமாக அறுத்த விளிம்புகளெல்லாம், எபாக்ஸி பூச்சால் மூடப்பட வேண்டும். அதைச் செய்கிறவன் ஒக்கூமேயைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். செய்ய மனமில்லாதவன் கனத்தைச் சகித்துக்கொண்டு உறுதியான மரத்தை நாடுவதே நல்லது.

மூன்று மில்லிமீட்டரா, நாலா, ஆறா என்ற இரண்டாவது கேள்விக்கு இந்த இதழில் இடமில்லை. முக அடுக்கின் கனமும் நடு அடுக்கின் கனமும் எந்த விகிதத்தில் அமைந்தால் பலகை எந்தத் திசையில் எவ்வளவு வளையும் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் அதற்கு விடை கூற முடியாது; அது அடுத்த வாரத்து விஷயம். அதற்கு முன் பலகை வாங்க விரைகிற அன்பர்கள், பணத்தை எண்ணுமுன் ஒரு சாண் துண்டையாவது கொதிக்க வைத்துப் பார்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.