எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் தரவு வகைகளும் தமிழ்த் தரவுச் சேமிப்பும்

ஆய்வுச்சுருக்கம்

எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் தரவு வகை நெடுவரிசையைச் சார்ந்ததன்று. ஒவ்வொரு மதிப்பையும் சார்ந்தது. இவ்வமைப்பு இலக்கிய, கல்வெட்டு, சுவடித் தரவுகளைச் சேமிக்கும்போது தோற்றுவிக்கும் சிக்கல்களையும் அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: எஸ்கியூலைட், தரவு வகை, வகைச்சார்பு, ஒருங்குறி, பட்டியலாக்கம்

முன்னுரை

திருக்குறளின் 1330 குறட்பாக்களைப் பட்டியலிடும்போது அதிகார எண்ணையும் அதனுள் குறள் பெறும் வரிசையையும் புள்ளியிட்டு இணைத்து எழுதுவது எளிய முறை. 12.1 என்பது நடுவு நிலைமை அதிகாரத்தின் முதற்குறள்; 12.10 அதன் இறுதிக் குறள். ஒன்று 111ஆம் குறள், மற்றொன்று 120ஆம் குறள். இவ்வெண்களை 'ஸ்டிரிங்' என வகை குறிக்கப்பட்ட நெடுவரிசையில் எஸ்கியூலைட்டில் இட்டால் இரண்டும் 12.1 என்றே பதிவாகின்றன. 133 அதிகாரங்களிலும் இதுவே நிகழும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. தரவை உள்ளிட்டவர் எழுத்துச் சரமாகவே தந்திருக்க, தரவுத்தளம் அதை எண்ணாக மாற்றியது ஏன் என்பதற்கு விடை அதன் வகையமைப்பில் உள்ளது.

ஐந்து சேமிப்பு வகுப்புகள்

ரிச்சர்ட் ஹிப் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட எஸ்கியூலைட், தனி வழங்கி எதையும் வேண்டாது. முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பில் அடங்கும். தனி ஆய்வாளர் ஒருவர் தம் மடிக்கணினியில் சொல்லடைவையோ சுவடிப் பட்டியலையோ உருவாக்க இது பொருத்தமாக அமைவதற்கு அதுவே காரணம்.

இதில் சேமிக்கப்படும் எந்த மதிப்பும் நல், இன்டீஜர், ரியல், டெக்ஸ்ட், பிளாப் என்னும் ஐந்து வகுப்புகளுள் ஒன்றில் அடங்கும். முழுஎண் அதன் அளவுக்கேற்ப 8 பைட்டுகள் வரை இடம் கொள்ளும். பதின்ம எண் 8 பைட்டு மிதவைப்புள்ளி எண்ணாக அமையும். பிளாப் என்பது உள்ளிட்டவாறே மாறாது வைக்கப்படும் பைட்டுத் தொகுதி. சுவடியின் ஒளிப்படம் இதற்குச் சான்று. உண்மை, பொய் எனும் மதிப்புகளுக்குத் தனி வகை இல்லை. அவை 1, 0 என நிற்கும்.

நல் என்பதற்குச் சற்று விளக்கம் தேவை. குறுந்தொகையில் ஆசிரியர் பெயர் கிடைக்காத பாடல்கள் உள்ளன. அவற்றின் ஆசிரியர் நெடுவரிசையை நல் ஆக விடுவதும் வெற்றுச் சரமாக இடுவதும் ஒன்றல்ல. நல், மற்றொரு நல்லுக்குச் சமமாகக் கொள்ளப்படுவதில்லை. அந்நெடுவரிசையை எண்ணும்போதும் விடுபடும். வெற்றுச் சரமோ எண்ணிக்கையில் சேர்ந்து, பெயரில்லாப் பாடல்கள் அனைத்தையும் ஒரே புலவர் பாடியவைபோல் தொகுத்துக் காட்டும்.

வகைச்சார்பு

பிற தரவுத்தளங்கள் பலவற்றில் நெடுவரிசைக்குக் குறித்த வகை ஒரு கட்டளை. எஸ்கியூலைட்டில் அது ஒரு பரிந்துரை மட்டுமே. இதனை வகைச்சார்பு எனலாம். அச்சார்பு, வகைப்பெயரில் வரும் ஆங்கில எழுத்துக் கோவையைக் கொண்டு முடிவாகிறது. ஐ, என், டி என்பவை தொடர்ந்து வரின் முழுஎண் சார்பு. சார், கிளாப், டெக்ஸ்ட் என்பவற்றுள் ஒன்று வரின் உரைச் சார்பு. பிளாப் என வந்தாலோ வகையே குறிக்காவிட்டாலோ மாற்றமின்மை. ரியல், ஃபுளோட், டபுள் என்பன வரின் பதின்மச் சார்பு. இவற்றுள் எதிலும் அடங்காதவை எல்லாம் 'நியூமரிக்' எனும் எண்சார்பைப் பெறும். விதிகள் இவ்வரிசையிலேயே பார்க்கப்படுவதால் 'ஃபுளோட்டிங் பாயிண்ட்' என்ற பெயர்கூட முழுஎண் சார்பையே பெறும். பாயிண்ட் என்னும் சொல்லின் ஈற்றில் அந்த மூன்று எழுத்துகளும் உள்ளன.

'ஸ்டிரிங்' என்பது எழுத்துச் சரத்தைக் குறிக்கும் சொல்லாயினும் மேற்கண்ட கோவைகளுள் எதுவும் அதில் இல்லை. எனவே அது எண்சார்பைப் பெறுகிறது. எண்போலத் தோன்றும் சரம் அங்கே எண்ணாக மாறும். மாறாதது அப்படியே உரையாக நிற்கும். குறள் எண்ணின் ஈற்றுச் சுழியம் மறைந்தது இதனால்தான். 0345 என்ற சுவடி எண் 345 ஆகிவிடும். 12 என்பதை அடுத்து ஈ என்னும் ஆங்கில எழுத்தும் 3 என்ற இலக்கமும் கொண்ட அடுக்கு எண், அடுக்குக்குறியாகப் படிக்கப்பட்டு 12000 ஆகும். 12அ போன்ற எண் மட்டும் உரையாகவே நிற்கும். வரிசைப்படுத்துகையில் எண்கள் எல்லாம் உரைக்கு முன் வருவதால் 12அ, 345க்கும் பின்னர்ச் சென்றுவிடும். தொகுப்பு பெரிதாயின் இத்தகைய கலப்பு கண்ணுக்குத் தப்பிவிடுவது இயல்பு.

கணக்கிடுவதற்குரியவை மட்டுமே எண்கள். அடையாளத்திற்குரியவை இலக்கங்களால் எழுதப்பட்டாலும் உரைகளே. குறள் எண், சுவடி எண், கல்வெட்டுத் தொகுதி எண் ஆகியவற்றை டெக்ஸ்ட் எனக் குறிப்பதே முறை. அதிகாரத்தையும் குறள் வரிசையையும் இரு முழுஎண் நெடுவரிசைகளாகப் பிரிப்பது அதனினும் நன்று, 12.10 என்பது 12.2க்கு முன்வரும் வரிசைப்பிழையும் அதனால் நீங்கும்.

தமிழ் உரையின் நீளம்

வார்சார்(50) எனக் குறித்தாலும் எஸ்கியூலைட் அவ்வெல்லையைப் பொருட்படுத்துவதில்லை. நீளத்தைக் கணக்கிடச் சொன்னால் அது எண்ணுவது தமிழ் எழுத்துகளை அன்று, ஒருங்குறிக் குறியிடங்களை. 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல்லுக்கு 5 என்று விடை வரும். யூடிஎஃப்-8 முறையில் அது 15 பைட்டுகள். யாப்பாய்வில் இவ்வெண்ணிக்கையை எழுத்தெண்ணிக்கையாகக் கொள்வது தவறு. 'கொ' என்பதை ககரத்துடன் ஒரே ஒகரக் குறியிட்டும், எகரக் குறியையும் காலையும் தனித்தனியே இட்டும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. தரவுத்தளம் இரண்டையும் வெவ்வேறு சரங்களாகவே ஒப்பிடும். உள்ளிடுமுன் ஒருங்குறி இயல்பாக்கம் செய்யாத சொல்லடைவில் 'கொடி' இரு பதிவுகளாகப் பிரிந்து நிற்கக்கூடும்.

தமிழின் பின்ன எண்களும் அளவைக் குறிகளும் அடங்கிய தமிழ்ப் பின்னிணைப்புத் தொகுதி 2019இல் ஒருங்குறியில் சேர்ந்தது. அதன் 51 குறிகளும் ஒவ்வொன்றும் 4 பைட்டுகள் கொள்வன. எஸ்கியூலைட் இவற்றை ஏற்கும். மைஎஸ்கியூஎல்லில் ஒரு குறிக்கு 3 பைட்டுகளே தரும் பழைய யூடிஎஃப்-8 வகை ஏற்காது.

காலக்குறிப்பு

நாளுக்கெனத் தனி வகுப்பு இல்லை. உரையாகவோ, ஜூலியன் நாள் எண்ணாகவோ, 1970 தொடக்கம் கணக்கிடும் நொடிகளாகவோ அதைச் சேமிக்கலாம். நாள் சார்ந்த செயற்கூறுகள் 0 முதல் 9999 வரையான ஆண்டுகளுக்கே பொருந்துவன, கி.மு. காலத் தொல்லியல் தரவுக்கு அவை உதவா. ஆட்சியாண்டு மட்டும் தரும் கல்வெட்டுக்கோ நாள் என்பதே இல்லை. 985இல் ஆட்சியேற்றதாகக் கொள்ளப்படும் முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டை ஒரு குறிப்பிட்ட நாளாக எழுதினால், மூலம் சொல்லாததைத் தரவுத்தளம் சொல்வதாகும். கல்வெட்டு வாசகத்தை உரையாகவும், கணித்தறிந்த தொடக்க, இறுதி ஆண்டுகளை இரு முழுஎண்களாகவும் வைப்பது பொருந்தும்.

கண்டிப்பான அட்டவணைகள்

2021 நவம்பரில் வந்த 3.37.0 பதிப்பு 'ஸ்டிரிக்ட்' எனும் அட்டவணை முறையைக் கொணர்ந்தது. இதில் இன்ட், இன்டீஜர், ரியல், டெக்ஸ்ட், பிளாப், எனி என்னும் ஆறு பெயர்களே செல்லும். 'ஸ்டிரிங்' என எழுதினால் அட்டவணையே உருவாகாது. புதிதாகத் தொடங்கும் திட்டத்திற்கு இதுவே ஏற்றது. ஆயினும் இது முழுக் காப்பன்று. விரிதாளிலேயே 12.10 என்பது எண்ணாகி 12.1 எனச் சுருங்கியிருப்பின், டெக்ஸ்ட் நெடுவரிசை அச்சுருங்கிய வடிவையே உரையாக ஏற்கும். முன்பே உள்ள அட்டவணையைக் கண்டிப்பானதாக மாற்றவும் இயலாது. புதியதொன்றை உருவாக்கித் தரவைப் பெயர்த்தெழுத வேண்டும். அவ்வாறு பெயர்க்கும்போது இழந்த சுழியங்கள் தாமே மீளா. மூலப் பட்டியலோடு ஒவ்வொரு பதிவையும் ஒப்பிட்டே அவற்றைத் திருத்த இயலும்.