வீடு வாங்குமுன் வக்கீலிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

 

வெளிநாட்டில் உழைத்த பணமும் வீட்டுப் பெண்களின் நகையும் சேர்ந்துதான் நம்மில் பலருக்கு ஒரு வீடாகிறது. அட்வான்ஸ் கொடுக்குமுன் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்து விவரம் கேட்பவர்களின் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து அவற்றுக்கு இங்கே விளக்கம் தருகிறோம். விற்பவருக்கு அவருடைய அத்தாவிடமிருந்து வந்த சொத்து என்றால் இதைக் கட்டாயம் படியுங்கள்.

பத்திர எழுத்தர் இருக்கிறாரே, வக்கீல் எதற்கு?

நாம் சொல்லும் விவரத்தை வைத்துப் பத்திரம் எழுதித் தருவதுதான் பத்திர எழுத்தரின் வேலை. விற்பவருக்கு அந்தச் சொத்தை விற்க உரிமை உண்டா என்பதை மூலப் பத்திரத்திலிருந்து வரிசையாகப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் வக்கீல். அவருடைய கருத்தை எழுத்தில் வாங்குங்கள். வங்கிக் கடன் வாங்குவோர், "வங்கி வக்கீலே பார்த்துவிட்டார்" என்று இருந்துவிடக் கூடாது. அவர் பார்ப்பது வங்கியின் பணத்துக்கான பாதுகாப்பை. நமக்கென்று தனியாக ஒரு வக்கீல் வேண்டும். அவர் விற்பவரோ தரகரோ காட்டுபவராக இருக்க வேண்டாம்.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது, போதாதா?

போதாது. பதிவான பத்திரங்கள் மட்டுமே வில்லங்கச் சான்றில் வரும். ஒருவர் மௌத்தானவுடன் அவருடைய சொத்தில் வாரிசுகள் அனைவருக்கும் பங்கு வந்துவிடுகிறது. ஆனால் அந்த மௌத் வில்லங்கச் சான்றில் ஏறுவதில்லை. பட்டாவும் வருவாய்த்துறைப் பதிவுதான். அது மட்டுமே உரிமைக்குச் சான்றாகாது. ஆகவே இறப்புச் சான்றிதழையும் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழையும் கேளுங்கள். வாரிசுச் சான்றிதழில் பெயர்கள் இருக்கும், பங்கு இருக்காது. பங்கை வக்கீல் கணக்கிட வேண்டும். தேவையானால் ஆலிம் ஒருவரையும் கலந்துகொள்ளலாம்.

பட்டா அண்ணன், தம்பி இருவர் பெயரில் இருக்கிறது. இருவரும் கையெழுத்திட்டால் போதுமா?

ஒருவர் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகளை விட்டு மௌத்தானார். அவருடைய பெற்றோர் முன்பே இறந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடன், மனைவிக்குத் தர வேண்டிய மஹர், வஸிய்யத் ஆகியவை போக மீதமுள்ள சொத்தை 40 பங்காகப் பிரித்தால் மனைவிக்கு 5, மகன்களுக்குத் தலா 14, மகளுக்கு 7. மகன்கள் இருவரும் சேர்ந்து விற்றாலும் 28 பங்குக்குத்தான் அவர்களுக்கு உரிமை உண்டு. அந்த வீட்டை நீங்கள் 40 லட்சத்துக்கு வாங்கினால், 12 லட்சம் பெறும் பங்கு இன்னும் தாய்க்கும் மகளுக்கும் உரியதாகவே இருக்கும். சில ஆண்டுகள் கழித்து அந்த மகள் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், குடியிருக்கும் நீங்களும் நீதிமன்றம் ஏற வேண்டிவரும்.

தங்கை தனக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டதாகச் சொல்கிறார்களே?

வாய்ப்பேச்சை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அந்தச் சகோதரி பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இல்லையேல் கிரயப் பத்திரத்தில் அவரும் விற்பவராகக் கையெழுத்திட வேண்டும். இரண்டாவது முறையே நல்லது. அவருடைய பங்குத் தொகையை அவருடைய வங்கிக் கணக்கிலேயே செலுத்திவிடுங்கள். இதனால் உங்கள் பத்திரம் உறுதியாகும். அல்லாஹ் அந்நிஸா அத்தியாயத்தில் விதித்த பங்கும் அவர் கைக்குப் போய்ச் சேரும். சகோதரியின் ஹக்கை மறைத்து விற்ற வீட்டைத் தெரிந்தே வாங்குவது நமக்கு அழகல்ல.

வாரிசுகளில் சிறுவர் இருந்தால் தாய் கையெழுத்திடலாமா?

பலரும் தவறுவது இங்கேதான். முஸ்லிம் சட்டப்படி சிறுவரின் சொத்துக்குக் காப்பாளர்கள் தந்தை, அவர் உயிலில் நியமித்தவர், தந்தையின் தந்தை, அவர் நியமித்தவர் ஆகியோரே. தாயோ அண்ணனோ சிற்றப்பாவோ சிறுவருடைய வீட்டுப் பங்கைத் தாமாக விற்றால் அது செல்லாது. 1918-லேயே பிரிவி கவுன்சில் இதைத் தீர்ப்பாகச் சொல்லியிருக்கிறது. இத்தகைய நிலையில் நீதிமன்றத்தில் காப்பாளராக நியமனமும் விற்பதற்கு அனுமதியும் பெற வேண்டும். அதற்குள் அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

"அத்தா எனக்கு ஹிபா செய்துவிட்டார்" என்கிறாரே?

கொடுத்ததாகச் சொல்லுதல், ஏற்றுக்கொள்ளுதல், சொத்தை ஒப்படைத்தல் மூன்றும் இருந்தால் வாய்மொழி ஹிபாவும் செல்லும். ஆனால் பிற வாரிசுகள் மறுத்தால் சாட்சிகளைக் கொண்டு நிரூபிக்க வேண்டும். அந்தச் சுமை வாங்கும் உங்கள் தலையில் விழலாம். எனவே மற்ற வாரிசுகளும் கிரயப் பத்திரத்தில் சம்மதித்துக் கையெழுத்திடும்படி கேளுங்கள். சொத்து வக்ஃப் என்றால் பேச்சே வேண்டாம். வக்ஃப் சொத்தை விற்க முடியாது. சர்வே எண்ணைக் கொண்டு வக்ஃப் வாரியப் பதிவிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

அட்வான்ஸும் செலவும்?

கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். அதில் வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட வேண்டும். உரிமையில் குறை தெரிந்தால் அட்வான்ஸைத் திருப்பித் தருவதாக ஒரு நிபந்தனையும் சேருங்கள். 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாகத் தர வேண்டாம். வங்கி மூலமே செலுத்துங்கள். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். இந்தச் செலவோடு ஒப்பிட்டால் வக்கீல் கட்டணம் சிறியது. அதை மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள்.

வக்கீலிடம் போகும்போது மூலப் பத்திரங்களின் நகல், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, சொத்துவரி ரசீது, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். "இந்தச் சொத்தில் பங்குள்ள ஒவ்வொருவரும் கையெழுத்திடுகிறாரா?" என்று முதலில் கேளுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான, வழக்கில்லாத வீட்டைத் தந்தருள்வானாக. ஆமீன்.

செயலாளர்