நிற்காமல் போகும் வண்டியின் கணக்கு

நெட்டுக்குப்பத்திலிருந்து ரயிலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு எண்ணூர் ஸ்டேஷன்தான் வாசல். சில நாள் கும்மிடிப்பூண்டி லோக்கல் கிளம்பாமல் நிற்கும். "எக்ஸ்பிரஸுக்கு வழி விடுறான்" என்பார் பக்கத்தில் இருப்பவர். சற்று நேரத்தில் பிளாட்பாரம் அதிர ஒரு வண்டி நம்மைக் கடந்து பறக்கும். எண்ணூரில் அதுவும் ஒரு நிமிடம் நின்றால் என்ன என்று தோன்றும்.

ஒரு நிமிடத்தோடு அது முடியாது. மணிக்கு 108 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 30 மீட்டர். அந்த வண்டி பிரேக் போட்டு நிற்க ஒரு நிமிடமும், பழைய வேகத்தை எட்ட இரண்டரை நிமிடமும் ஆவதாக வைத்துக்கொள்வோம். வேகம் சீராக மாறினால் நிற்க 900 மீட்டர், வேகம் பிடிக்க இரண்டேகால் கி.மீ. அந்தத் தூரத்தை நிற்காமல் கடந்திருந்தால் ஆகியிருக்கும் நேரத்தைக் கழித்தாலும் ஒன்றேமுக்கால் நிமிடம் நஷ்டம். இரண்டு நிமிடம் நின்றால் மொத்தம் ஏறக்குறைய நான்கு நிமிடம். பத்து ஊர்களை விட்டுவிட்டால் கிட்டத்தட்ட 40 நிமிடம் மிச்சம்! எஞ்சின் அதேதான், தண்டவாளமும் அதேதான்.

இந்தக் கணக்கை நம்பி ஓடிய வண்டிதான் வைகை எக்ஸ்பிரஸ். 1977 ஆகஸ்ட் 15 அன்று மதுரைக்கும் சென்னை எழும்பூருக்கும் இடையே தொடங்கியது. 490 கி.மீ.க்குச் சற்றே கூடுதலான தூரத்தை, வழியில் சில ஊர்களில் மட்டும் நின்று, ஏழு மணி நேரத்தை ஒட்டிக் கடந்தது. அதுவும் குறுகலான மீட்டர் கேஜ் பாதையில்! மதுரையில் காலையில் ஏறியவர் பகலிலேயே சென்னையில் இறங்கினார்.

ஜப்பானியர் இத்தகைய வண்டியைத் 'தொக்கியூ' என்பார்கள். சிறப்பு விரைவு வண்டி என்று பொருள். 1958 நவம்பரில் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே 'கொதாமா' என்ற தொக்கியூ ஓடத் தொடங்கியது. கொதாமா என்றால் எதிரொலி. ஏறத்தாழ 556 கி.மீ., 6 மணி 50 நிமிடம். அதன் தண்டவாள அகலம் 1067 மி.மீ.; நம் மீட்டர் கேஜ் 1000 மி.மீ. வித்தியாசம் நான்கு விரல் அகலம்கூட இல்லை. வேகத்துக்கு அகன்ற பாதை வேண்டும் என்பதை இந்த இரண்டு வண்டிகளுமே பொய்யாக்கின. இரண்டிலும் கொதாமா இன்னொரு படி மேலே போனது. அதற்குத் தனி எஞ்சினே கிடையாது.

இரும்புச் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒரு சிறு நாணயத்தின் அளவுதான். வண்டி முழுவதையும் ஒரே எஞ்சின் இழுத்தால், அதன் சில சக்கரங்களின் பிடிமானமே எல்லாப் பாரத்தையும் சுமக்க வேண்டும். பாரம் மிஞ்சினால் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழலும். கொதாமாவில் மோட்டார்களைப் பல பெட்டிகளின் அடியில் பிரித்து வைத்தார்கள். பல சக்கரங்கள் சேர்ந்து தள்ளின. வேகம் சட்டென்று ஏறியது. ஒவ்வொரு நிறுத்தத்தின் விலையும் குறைந்தது.

சென்னைக்கு இது புதிதல்ல. கடற்கரை–தாம்பரம் பாதையில் மின்சார வண்டி 1931இலேயே ஓடியது. எண்ணூரில் வழி விட்டு நிற்கும் நம் லோக்கலும் பெட்டிகளுக்கு அடியில் மோட்டார் கொண்டதுதான். அதனால்தான் இரண்டு மூன்று கி.மீ.க்கு ஒருமுறை நின்றாலும் அது ஈடுகொடுக்கிறது.

கொதாமாவின் அந்த ஏற்பாட்டைத்தான் 1964இல் ஜப்பானின் அதிவேக ரயிலான ஷின்கான்சென் எடுத்துக்கொண்டது. 2019இல் டில்லி–வாரணாசி இடையே ஓடத் தொடங்கிய முதல் வந்தே பாரத்திலும் பாதி அச்சுகளை மோட்டார் சுழற்றுகிறது. அந்த வண்டியைக் கட்டியது நம் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.