கையெழுத்துப் போடும் முன் இந்தக் கணக்கையும் பாருங்கள்!



விவாகரத்து என்ற பேச்சே எந்த வீட்டிலும் வரக் கூடாது என்று நினைப்பவள் நான். ஆனால் இனி சேர்ந்து வாழவே முடியாது என்று ஆகி, இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசும்போது என்ன நடக்கிறது? நகை எத்தனை பவுன், சீர்ப் பாத்திரம் எத்தனை, பீரோ, கட்டில் என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுகிறார்கள். கணவரின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துச் சேர்ந்திருக்கும் பணத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத பணம் அல்லவா!

என் சித்தி மகளுக்கு 2015-ல் கல்யாணம். அதே வருஷம்தான் அவள் கணவர் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டு பிள்ளைகள். பத்து வருஷத்துக்குப் பிறகு பிரிவது என்று முடிவானது. நகையைத் திருப்பிக் கொடுத்து, ஐந்து லட்சமும் தருகிறோம், இனி எந்தப் பாத்தியமும் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். "கோர்ட்டு வாசல்ல எத்தனை நாள் நிப்பே? குடுக்கறத வாங்கிட்டு வந்துரு சாமி" என்று பெரியப்பாவும் சொல்லிவிட்டார். கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீல் அம்மாவைப் பார்க்கலாம் என்று அவளோடு நான் துணைக்குப் போனேன்.

அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "அவருக்கு பி.எஃப். எவ்வளவு இருக்கும்மா?" என்பதுதான். இருவரும் விழித்தோம். பிறகு அவர் விளக்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பி.எஃப். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம் தொழிலாளியிடம் பிடிக்கிறார்கள். கம்பெனியும் 12 சதவீதம் போடுகிறது. பாஸ்புக்கில் மூன்று பத்தி இருக்கும். ஒன்று அவர் பங்கு, இரண்டாவது கம்பெனி பங்கு, மூன்றாவது பென்ஷனுக்குப் போனது. பலர் முதல் பத்தியை மட்டும் சொல்லி, "இவ்வளவுதான் இருக்கு" என்பார்கள். இரண்டாவதையும் கூட்ட வேண்டும். நடுவில் அட்வான்ஸ் எடுத்திருந்தால் அதுவும் பாஸ்புக்கில் தெரியும். எப்போது எடுத்தார், எதற்கு எடுத்தார் என்று கேளுங்கள்.

இரண்டாவது கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. இது சம்பளத்தில் பிடிப்பதில்லை, கம்பெனி கொடுப்பது. நிரந்தர வேலையில் ஐந்து வருஷம் முடித்தவருக்கு உண்டு. கணக்கு சுலபம். கடைசிச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வேலை பார்த்த வருஷத்தால் பெருக்க வேண்டும். இதற்கும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்தான் கணக்கு.

மூன்றாவது பென்ஷன். 1995 நவம்பரில் வந்த திட்டம் இது. கம்பெனி போடும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் இதற்குப் போகிறது. 2014 செப்டம்பரில் இதற்கான சம்பள வரம்பை 15,000 ரூபாய் ஆக்கினார்கள். அந்த வரம்புக்கு மாதம் 1,250 ரூபாய் போகும். பத்து வருஷம் சர்வீஸ் இருந்தால் 58 வயதில் மாதா மாதம் பென்ஷன் வரும். பென்ஷன் சம்பளத்தைச் சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் தொகை கிடைக்கும்.

இதைச் சித்தி மகள் வீட்டுக் கணக்கில் போட்டுப் பார்த்தோம். அடிப்படையும் பஞ்சப்படியும் 30,000 ரூபாய். சர்வீஸ் 10 வருஷம்.

பி.எஃப்.பில் அவர் பங்கு 4,90,000; கம்பெனி பங்கு 2,70,000; ஆக 7,60,000 ரூபாய்.
கிராஜுவிட்டி 1,73,077 ரூபாய்.
இரண்டும் சேர்த்து 9,33,077 ரூபாய்.

பென்ஷன்? 15,000-ஐப் பத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் 2,143 ரூபாய். இருபது வருஷம் வாங்கினால் ஐந்து லட்சத்துக்கு மேல் ஆகிறதே என்று நான் வாயைப் பிளந்தேன். வக்கீல் அம்மா சிரித்தார். "அவருக்கு இப்போ நாப்பது வயசு. அந்தப் பணம் வர இன்னும் பதினெட்டு வருஷம் இருக்கு. எட்டு சதவீத வட்டிக்குப் போட்ட ஒரு ரூபாய் பதினெட்டு வருஷத்துல நாலு ரூபாய் ஆகும். அப்போ வர்ற நாலு ரூபாய்க்கு இன்னிக்கு மதிப்பு ஒரு ரூபாய்தாம்மா" என்றார். அந்தக் கணக்கில் அவர் பென்ஷனின் இன்றைய மதிப்பு ஒரு லட்சத்துக்கும் குறைவு. ஆகவே பி.எஃப்., கிராஜுவிட்டியை இன்றைய தொகையாகவே எடுக்கலாம். பென்ஷனை அப்படியே பெருக்கிக் கூட்டக் கூடாது.

இதில் பாதி நமக்கு என்று சட்டம் சொல்கிறதா? இல்லை. இங்கிலாந்தில் விவாகரத்தின்போது கணவரின் பென்ஷனையே கோர்ட் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் 2000-ம் ஆண்டிலிருந்து இருக்கிறதாம். நம் நாட்டில் அப்படி இல்லை. பி.எஃப். ஆபீசுக்குப் போய் என் பங்கைக் கொடு என்று கேட்க முடியாது. ஆனால் 1955-ம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்தின் 25-வது பிரிவின்படி நிரந்தர ஜீவனாம்சம் நிர்ணயிக்கும்போது கணவரின் வருமானத்தையும் சொத்தையும் கோர்ட் பார்க்கும். அதில் இந்தப் பணத்தையும் எடுத்துக் காட்டலாம். கேட்டால்தான் காட்ட முடியும்!

கணவர் காட்ட மறுத்தால்? பாஸ்புக்கைப் பார்க்க அவருடைய யு.ஏ.என். எண்ணும் பாஸ்வேர்டும் வேண்டும். திருட்டுத்தனமாகப் பார்க்க வேண்டியதில்லை. ரஜனேஷ் - நேஹா வழக்கில் 2020 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஜீவனாம்ச வழக்கில் இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். நாம் வேலைக்குப் போகிறவர்களாக இருந்தால் நம் கணக்கையும் மறைக்காமல் காட்ட வேண்டும்.

இன்னொரு விஷயம். கோர்ட் தீர்ப்பு ஆகும் வரை, தனியே வாழ்ந்தாலும் நீங்கள்தான் மனைவி. கணவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் விதவை பென்ஷன் உங்களுக்கு வரும். விவாகரத்து ஆன பிறகு அது இல்லை. பேரம் பேசும்போது இந்த இழப்பையும் நினைவில் வையுங்கள். ஆனால் பிள்ளைகளுக்கு அந்த உரிமை போகாது. 25 வயது வரை பிள்ளைகள் பென்ஷன் உண்டு.

அரசு வேலைக்காரர் என்றால் கணக்கு வேறு. தமிழக அரசு ஊழியர் 2003 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்தவரா, பின் சேர்ந்தவரா என்று முதலில் கேளுங்கள். அதைப் பொறுத்துத் திட்டமே மாறும்.

இந்தக் கணக்கை எழுதிக் கொண்டுபோய்ப் பேசியபோது மாப்பிள்ளை வீட்டில் கொஞ்சம் சத்தம் போட்டார்கள். "ஜீவனாம்ச மனு போட்டால் எப்படியும் காட்டத்தானே வேண்டும்" என்று வக்கீல் அம்மா அமைதியாகச் சொன்னார். கடைசியில் எட்டு லட்சமும், பிள்ளைகள் பெயரில் தனியாக டெபாசிட்டும் தர ஒப்புக்கொண்டார்கள். பெரியப்பாவே, "இதை யாருமே நமக்குச் சொல்லலையே" என்றார்.

பரஸ்பர சம்மதத்தில் பிரிந்தாலும், மனு போட்ட பின் பொதுவாக ஆறு மாதம் அவகாசம் உண்டு. தீர்ப்பு ஆகும் முன் சம்மதத்தை வாபஸ் வாங்கவும் முடியும். "இனி எந்தப் பாத்தியமும் இல்லை" என்று எழுதிக் கொடுத்துப் பணமும் வாங்கிவிட்டால் பிறகு போய்க் கேட்பது ரொம்பக் கஷ்டம். அதனால் அவசரப்படாதீர்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். 15100 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம். போகும்போது கணவரின் சம்பளச் சீட்டு ஒன்று கையில் இருந்தால் எடுத்துப் போங்கள். பி.எஃப். எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பது அதிலேயே இருக்கும்.

- ஓர் இல்லத்தரசி, ஈரோடு.